ஆயுள் உறுப்பினர் எண் 212

"சமூக சேவையா? அதெல்லாம் போன வாரமே வந்து செஞ்சிட்டுப் பூட்டாங்க. இன்னும் இன்னா பாக்கி கீது, தூக்கினு போறதுக்கு?"

கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நூர் பீவி இப்படிக் கேட்டதும், வாயில் தயாராக வைத்திருந்த அறிமுகத்தை ஹெப்சி அப்படியே விழுங்கிக்கொண்டாள். மணி பதினொன்றுதான். அதற்குள் அஸ்தினாபுரத்தின் அந்த முட்டுச்சந்தில் நிற்க முடியவில்லை. மார்ச் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வெயில் சித்திரை மாதிரி கொளுத்தியது. சந்து முனையில் தண்ணீர் லாரி நின்றுகொண்டு வழியை அடைத்திருந்தது.

"நான் அவங்க ஆள் இல்லம்மா. குழந்தைகள் நலக் குழு அனுப்பி வந்திருக்கேன். உங்க பொண்ணு இஃப்ராவை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு விசாரிச்சு எழுதறது என் வேலை."

"தூக்கினு போறதுக்கு ஒருத்தன், எழுதுறதுக்கு ஒருத்தி. நல்லாத்தான் பிரிச்சு வெச்சிருக்கீங்க."

இதற்கெல்லாம் கோபப்பட்டால் ஹெப்சியின் வேலை நடக்காது. ஊரில் மோர்ப் பந்தல் போடுகிறவர் சமூக சேவகர். அந்தப் பந்தலில் தன் படத்தைப் பெரிதாக மாட்டிக்கொள்கிறவர் இன்னும் பெரிய சமூக சேவகர். சமூகப் பணியில் முதுகலை படித்து, ஆஸ்பத்திரி வார்டிலும் சிறார் இல்லத்திலும் குடிநோய் மையத்திலும் கால் தேய அலைந்து பயிற்சி எடுத்து, பதினோரு வருடமாக ஒப்பந்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிற ஹெப்சியும் அதே சமூக சேவகர்தான். ஊசி போடுகிறவருக்குப் பதிவு செய்து கண்காணிக்க ஒரு கவுன்சில் உண்டு, வழக்காடுகிறவருக்கு ஒரு கவுன்சில் உண்டு. அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்து அவன் பிள்ளையைப் பற்றி எழுதுகிறவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சட்டை மாதிரி எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

நூர் பீவி "உள்ளே வா" என்று சொல்லவில்லை. கதவை விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனாள். அதையே அழைப்பாக வைத்துக்கொண்டு ஹெப்சி செருப்பைக் கழற்றினாள்.

ஒரே அறை. பின்னால் தடுப்புக்கு அந்தப்பக்கம் அடுப்பு. தரையில் ஒரு கடப்பைக்கல் துண்டு, அதன் மேல் சின்னச் சுத்தியல், காய்ந்து விறைத்த பிரஷ். பக்கத்துக் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரைக் கொடுத்த குரோம் தோல் தொழிற்சாலை போய் எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் தோல் இன்னும் போகவில்லை. சின்னச் சின்னக் கம்பெனிகளிலிருந்து வெட்டிய துண்டுகள் மூட்டையில் வரும். ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து, சுத்தியலால் தட்டி ஒட்டிக் கொடுத்தால் அது பர்ஸாகும். நூர் பீவி எட்டு வருடமாக அந்த வேலை செய்கிறாள். இன்று மூட்டையைக் காணோம். பசை வாடை மட்டும் சுவரில் ஏறிக்கிடந்தது.

"மூட்டை எங்கம்மா?"

"கம்பெனி ஆளு வந்து எடுத்துனு பூட்டான். கேசு நடக்குற வூட்டுக்குச் சரக்கு குடுக்க மாட்டாங்களாம்."

ஹெப்சி நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து காகிதத்தை எடுக்கவில்லை. ஆட்கள் முகத்துக்கு நேரே எழுதினால் அவர்கள் பேனாவைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஏன், எதற்கு என்றும் கேட்கக்கூடாது. கேட்டால் வீடு வாயை மூடிக்கொள்ளும்.

"இஃப்ரா காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பா?"

நூர் பீவி நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"ஆறரைக்கு. நான் எழுப்புனா எழுந்துக்காது. அவங்க அத்தா போயி கால்ல கிச்சுகிச்சு மூட்டணும். அப்பால பாலு. டீ குடுத்தா மூஞ்ச திருப்பிக்கும். தலைய பின்னிவுட அரை மணி நேரம், அம்மாந்நீள முடி. எட்டே காலுக்கு ஸ்கூலு." தடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்ப யாரு எழுப்புறாங்களோ. கைய வெச்சு எழுப்புறாங்களோ, கால வெச்சு எழுப்புறாங்களோ."

அதற்குமேல் கேள்வி தேவைப்படவில்லை. பிப்ரவரி நடுவில் இஃப்ராவுக்கு அம்மை போட்டது. தலை, முதுகு, வயிறு, வாய்க்குள்கூட. பதினைந்து நாள் அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்து டீச்சரே சொல்லிவிட்டார். தகப்பன் அக்தர் ஏ.சி. மெக்கானிக். வெயில் தொடங்கிவிட்டால் அந்த ஆளை வீட்டில் பார்க்க முடியாது. ஆகவே தாயும் மகளும் மட்டும் இந்த அறைக்குள்.

"எதுர் வூட்டு கங்கையக்காதான் வேப்பந்தழ கொணாந்து வாசல்ல சொருகுனாங்க. எங்க வூட்ல எதுக்குக்கான்னேன்."

"அம்மைக்கு ஜாதி மதமா தெரியும்? வந்தா வந்ததுதான்." பதில் வாசலிலிருந்து வந்தது. கையில் இட்லி மாவு காய்ந்து வெள்ளையாக இருக்க, கங்கையம்மாள் நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவள். "எம்மா, நீதான் எழுதப்போற பொம்பளையா? நல்லா கேட்டுக்கோ. பத்தாம் நாளு நான்தான் அந்தப் புள்ளைக்குத் தல தண்ணி ஊத்துனேன். மஞ்சளும் வேப்பெலையும் போட்டு. முதுகுல இம்மாம் இம்மாம் பொருக்கு. அத்தப் போயி சூடு போட்டதுன்றான் பேமானி. சூடு போட்டுருந்தா நான் வுட்டுருப்பனா?"

அலுவலகக் கோப்பில் ஹெப்சி படித்திருந்த முதல் அறிக்கையில் அப்படியேதான் இருந்தது: 'பள்ளிக்கு அனுப்பாமல் வேலை வாங்கப்பட்ட குழந்தையின் முதுகிலும் வயிற்றிலும் சூடு வைத்த தழும்புகள் காணப்படுகின்றன.' ஏதோ ஒரு அறக்கட்டளையின் பெயர், கீழே கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. மருத்துவச் சீட்டில் 'ஆறிவரும் புண்கள்' என்ற இரண்டே சொல். என்ன புண் என்று யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் சொல்லவுமில்லை. எதிர் வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குச் சோம்பல் பட்டு ஒரு தாயைச் சூடு போடுகிறவளாக எழுதிவிட்டிருக்கிறார்கள்.

"அன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னு நானே சொல்றேன்" என்றாள் நூர் பீவி. "தண்ணி ஊத்தி ரெண்டு நாளு. போர் அடிக்குதும்மான்னு எதுர்ல வந்து குந்திச்சு. நான் தட்டுறேன், அது ஓரத்தப் புடிச்சுகினு கீது. பொய் சொல்ல மாட்டேன் மேடம், நோம்பு வெச்சுகினு கீறேன். ரெண்டு பீசு அதுவே ஒட்டுச்சு. அந்த நேரம் பாத்து நாலு பேரு உள்ள பூந்துட்டான். ஒருத்தன் செல்லத் தூக்கிப் புடிச்சுகினு வீடியோ எடுக்குறான். 'பயப்படாத பாப்பா, உன்னக் காப்பாத்த வந்துக்கீறோம்'ன்றான். எங்கிட்ட இருந்து காப்பாத்துறானாம்!" சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தாள். "அந்த ரெண்டு பீச நீங்க எழுதிக்குவீங்களா?"

"எழுதுவேம்மா. நடந்ததை எழுதினாதான் மத்ததையும் நம்புவாங்க. அம்மை போட்டதை எழுதுவேன். டீச்சர் சொன்னதை எழுதுவேன். ரெண்டு பீஸையும் எழுதுவேன்."

நூர் பீவி எழுந்து, அலமாரியிலிருந்து கைப்பேசியை எடுத்துவந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வேலைய வுட்டுட்டு ஓடியாந்தாரு. அதுக்குள்ள புள்ளய வேன்ல ஏத்திட்டாங்க. நீங்க யாரு, போலீசான்னு கேட்டாரு. தோ, இந்த கார்ட எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டுனானாம். இவரு அத்த போட்டோ எடுத்துக்கினாரு. இத்தப் பாத்துட்டுத்தான் எங்காளு வாய மூடிக்கினாரு. இல்லன்னா வண்டி முன்னாடி படுத்துருப்பாரு."

ஹெப்சி படத்தைப் பெரிதாக்கினாள். தென்சென்னைப் புறநகர்த் தொழில்முறைச் சமூகப் பணியாளர் சங்கம். அவளுடைய சங்கம். படத்தில் சிரிப்பவர் மாடம்பாக்கம் கல்யாண மண்டபத்துச் சிட்டிபாபு. ஆயுள் உறுப்பினர், எண் 212. அந்த 212 நீல மையில், இரண்டுக்கு வால் நீட்டி எழுதப்பட்டிருந்தது. அப்படி வால் நீட்டி எழுதுவது ஹெப்சிதான்.

அதை அவள் நூர் பீவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கங்கையம்மாள் கொண்டுவந்து நீட்டிய மோரைக்கூட வாங்காமல் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்து குறிப்பு எழுதினாள். முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர் "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கத்துக்குக் கூட்டம் போட இடமில்லை. உலக சமூகப் பணி தினம் வருகிறது, மண்டபம் எங்கே என்று தலைவர் சாம்பசிவன் கையைப் பிசைந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர். பாதிப் பேருக்கு அவரே பாடம் நடத்தியவர். ஹெப்சி அப்போது இணைச் செயலாளர். சிட்டிபாபு கோடையில் தண்ணீர் தருகிறார், வெள்ளத்தில் சோறு போட்டார், சொந்தமாக மண்டபம் இருக்கிறது. கௌரவ உறுப்பினர் ஆக்கிவிட்டால் வருடா வருடம் இடப் பிரச்சினை தீர்ந்தது என்று யோசனை சொன்னவள் அவள்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அச்சடித்து வைத்திருந்த அட்டையில் 'ஆயுள் உறுப்பினர்' என்ற ஒரே வகைதான் இருந்தது. கௌரவம் என்று சேர்க்க இடமில்லை. யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகளிடம் மதிப்பெண் பட்டியல் மூன்று நகல் கேட்டு வாங்கும் சங்கம், மண்டபக்காரரிடம் ஒரு போட்டோ மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை, அதே மண்டபத்தில், வரும் செவ்வாய்க்கிழமை சமூகப் பணி தின விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மேடையில் பேனர் கட்டியாகிவிட்டது. அதில் சங்கத்தின் பெயரைவிடச் சிட்டிபாபுவின் முகம் பெரிதாக இருந்தது. இந்த வருடச் சிறந்த சமூகப் பணியாளர் விருது அவருக்குத்தான். சாம்பசிவன் நாற்காலி வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்சி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மைத் தழும்பு, அட்டை, படம், எல்லாம். ஒரே ஒரு கடிதம் கேட்டாள்: இவர் பயிற்சி பெற்றவர் இல்லை, இவர் அறிக்கைக்குச் சங்கம் பொறுப்பில்லை, உறுப்பினர் எண் 212 ரத்து.

"ஹெப்சி, கொஞ்சம் நிதானமா யோசிங்க" என்றார் அவர். "பதினேழு வருஷமா நமக்கொரு கவுன்சில் வேணும்னு மனு கொடுத்துட்டு இருக்கோம். இப்பத்தான் இவர் மூலமா மேலிடத்துல ஒரு அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு. விழாவுக்கு அவங்க ஆட்களும் வர்றாங்க. ஒரு கேஸுக்காக மொத்தத்தையும் கெடுத்துக்கலாமா?"

"கவுன்சில் எதுக்கு சார் கேக்கறோம்? படிக்காத ஆளு சமூகப் பணியாளர்னு சொல்லிட்டு யார் வீட்லயும் நுழையக்கூடாதுன்னுதானே? அதைக் கேக்கப் போறதுக்கு அவரையே கூட்டிட்டுப் போறோமா?"

"எமோஷனலா பேசாதீங்க. உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கேன், கேஸோட ஒட்டிக்கக் கூடாதுன்னு."

"கேஸ் எழுதறதுக்கு முன்னாடி எதிர் வீட்ல விசாரிக்கணும்னும் நீங்கதான் சார் சொல்லிக் கொடுத்தீங்க."

சாம்பசிவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அப்போது சமையற்கட்டுப் பக்கமிருந்து சிட்டிபாபு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கரண்டி. விருந்துச் சாம்பாரை ஒத்திகையாக ருசி பார்த்துவிட்டு வருகிறார்.

"இன்னாம்மா தங்கச்சி, மூஞ்சி வாடிக்கீது? சாப்டியா? செவ்வாக்கெழம ரெண்டு பாயசம் போடச் சொல்லிக்கீறேன்."

"அண்ணா, அஸ்தினாபுரத்துல ஒரு பொண்ணைத் தூக்கிட்டுப் போனீங்களே, அவ முதுகுல இருந்தது அம்மைத் தழும்பு. சூடு இல்ல."

"அப்பிடியா?" சிட்டிபாபு ஒரு விநாடி யோசித்தார். "இருக்கட்டும்மா. அம்மையோ சூடோ, அது வேலை செஞ்சுதா இல்லியா? வீடியோ கீதே. நாலு லட்சம் பேரு பாத்துக்கீறான். துபாய்லேர்ந்து போன் பண்றாங்கோ."

"குழந்தை முகத்தோடயா போட்டிருக்கீங்க? போடவே கூடாதுன்னு சட்டம் இருக்குண்ணா!"

"மூஞ்ச மறைச்சா அழுவுறது எப்பிடித் தெரியும்?"

ஹெப்சி வாழ்க்கையில் உரக்கப் பேசியவள் இல்லை. அன்று அவள் குரல் மண்டபத்துக் கூரையில் போய் முட்டியது.

"நீங்க அந்த வீட்ல ஒரு கேள்வி கேட்டீங்களா? ஏன் ஸ்கூலுக்குப் போகலைன்னு ஒரே ஒரு கேள்வி? அவ அம்மாவை உக்கார வெச்சு ஒரு வார்த்தை பேசினீங்களா?"

"கேள்வி கேக்குறதுக்கா போனேன்? காப்பாத்தப் போனேன்மா."

அதை அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். அதுதான் ஹெப்சிக்குத் தாங்கவில்லை. கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். நல்லது செய்கிறேன் என்று கிளம்பியவனின் கையில் அட்டையைக் கொடுத்து, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமலே திறக்கலாம் என்று உரிமை எழுதித் தந்தது யார்?

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த சங்க உறுப்பினர்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. மனிதர்களைப் பேசவைப்பதற்கென்றே இரண்டு வருடம் படித்த கூட்டம் அது.

"விழா முடியட்டும், செயற்குழுவுல வெச்சுப் பேசிக்கலாம்" என்றார் சாம்பசிவன் மெதுவாக. "செவ்வாய்க்கிழமை தொகுப்புரை நீங்கதானே? பத்து மணிக்கு வந்துடுங்க."

"செவ்வாய்க்கிழமைதான் சார் குழந்தைகள் நலக் குழு உக்காருது. அதை விட்டா பெருநாளுக்கு அப்புறம்தான். அந்தப் பொண்ணு இன்னும் ரெண்டு வாரம் அங்க கிடக்கணும்."

"நீங்க அறிக்கையை அனுப்பிட்டு இங்க வரலாமே."

அவள் தொகுப்புரைக் காகிதங்களை அவர் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியேறினாள்.

செவ்வாய்க்கிழமை குழுவின் அறைக்கு வெளியே, மரப் பெஞ்சில் அக்தரும் நூர் பீவியும் எட்டரை மணியிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். அக்தர் துவைத்த சட்டை போட்டிருந்தார். நோன்பில் உதடு வெடித்திருந்தது. ஹெப்சியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மேடம், அன்னிக்கி வண்டிய மறிச்சுக்கினு நின்னுருந்தா வுட்டுருப்பாங்களா?"

இரண்டு வாரமும் அந்த மனிதர் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறார். "உங்க மேல தப்பு இல்லண்ணா" என்று மட்டும்தான் ஹெப்சியால் சொல்ல முடிந்தது.

உள்ளே குழுத் தலைவி அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்தார். டீச்சரின் கடிதம், மருந்துச் சீட்டு, கங்கையம்மாளின் வாக்குமூலம், இரண்டு பீஸ் ஒட்டியது எல்லாம் இருந்தன. இல்லத்திலிருந்து அழைத்து வந்த சிறுமியை டாக்டர் மறுபடி பார்த்து, அம்மைத் தழும்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார். கடைசிப் பத்தியில் தலைவியின் விரல் நின்றது.

"இது என்னம்மா? 'மேற்படி உறுப்பினர் அட்டையை, எந்தத் தகுதியும் சரிபார்க்காமல், மண்டப வசதிக்காக வழங்கப் பரிந்துரைத்ததும் எழுதிக் கொடுத்ததும் நானே.' இதை எடுத்துடுங்க. குழந்தையை வீட்டுக்கு அனுப்ப இது தேவையில்லையே. உங்களுக்குத்தான் சிக்கல்."

"மேடம், அந்த முதல் அறிக்கையை எதை வெச்சு நம்பினீங்க?"

தலைவி தன் கோப்பைத் திருப்பினார். ஹெப்சிக்குக் கொடுத்த பிரதியில் இல்லாத அட்டையின் நகல் அதில் கோத்திருந்தது. "தொழில்முறைச் சமூகப் பணியாளர்னு போட்டிருந்தாங்க."

"அப்போ இது தேவைதான் மேடம்."

தலைவி அந்தப் பத்தியை அப்படியே விட்டுவிட்டு, குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வீடியோவை நீக்கச் சொல்லித் தனியாக ஒரு உத்தரவும் போட்டார். நாலு லட்சம் பேர் கண்ணில் பட்டதை எந்த உத்தரவு வந்து துடைக்கும்?

இஃப்ராவைக் கூட்டிவந்தார்கள். பத்து வயதுக்கு ஒடிசலான பெண். தலைமுடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தார்கள். பேன் இருந்ததாம், இல்லத்தின் நடைமுறையாம். நூர் பீவி மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் அந்தத் தலையில் கையை வைத்தாள். பின்னல் இருந்த இடத்தில் கை வெறுமனே கீழே இறங்கி வந்தது. அதன் பிறகுதான் அழுதாள். சத்தமே இல்லாமல், தலைமுக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள். ஹெப்சியின் கைப்பையில் தொலைபேசி விடாமல் துடித்தது. ஒன்பது அழைப்பு, எல்லாம் சாம்பசிவன். அங்கே விருது கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பத்து நாளில் சங்கத்தின் கடிதம் வந்தது. சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததால் ஹெப்சி ஆறு மாதத்துக்கு இடைநீக்கம். உறுப்பினர் எண் 212 குறித்து ஆராய மூவர் குழு. அந்த மூவர் குழு எங்கே கூடுமென்று கேட்டால், அதே மண்டபத்தில்தான். ஏழு உறுப்பினர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு ஆட்சேபக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். ஏழு பேரும் படித்து முடித்து இரண்டு மூன்று வருடமானவர்கள், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், வேலை போனால் மாதத் தவணை கட்ட வழியில்லாதவர்கள். நிரந்தர வேலையில் இருந்த ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பியதோடு வேலை முடியாது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஏப்ரல் நடுவில், மாலை நாலு மணிக்கு ஹெப்சி மறுபடி அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். இந்தத் தடவை நூர் பீவி "வாங்க மேடம்" என்று கதவை முழுக்கத் திறந்தாள். தோல் மூட்டை திரும்பி வரவில்லை. கங்கையம்மாளோடு சேர்ந்து மாவு பாக்கெட் போடுகிறாள். பெருநாளைக்குப் பிரியாணி செய்தார்களாம், எதிர் வீட்டுக்கு ஒரு சட்டி போனதாம். டீ கொடுத்தாள். ஹெப்சி அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அந்த அட்டை இருக்கில்லம்மா, உங்க வீட்டுக்காரர் போட்டோ எடுத்தது. அதை எழுதிக் குடுத்தது நான்தான். அன்னிக்கே பார்த்தேன். சொல்ல வாய் வரல."

நூர் பீவி மாவுப் பாக்கெட்டில் ரப்பர் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"நீங்களா?"

"ஆமா."

"எதுக்குக் குடுத்தீங்க?"

"வருஷத்துக்கு ஒரு நாள் எங்க சங்கத்துக்கு மண்டபம் சும்மா கிடைக்கும்னு."

"மண்டபத்துக்கா?" நூர் பீவி அந்த ஒரு சொல்லை மெதுவாக, எதிரில் இருப்பவளுக்கு உறைக்கும்படி சொன்னாள். "எம்பொண்ண பதினாலு நாளு எடுத்துனு போனது ஒரு மண்டபத்துக்கா மேடம்? கேட்டுருந்தா இந்தத் தெருவுல பந்தலு போட்டுக் குடுத்துருப்பமே. நீங்க திருப்பிக் கொணாந்து வுட்டீங்க, நான் இல்லன்னு சொல்லல. அல்லா உங்கள நல்லா வெக்கட்டும். ஆனா மன்னிச்சுட்டேன்னு மட்டும் என் வாயால வராது. நீங்க அத்த எழுதிக்கணும்னா எழுதிக்குங்க."

"எழுதறேம்மா" என்றாள் ஹெப்சி.

வாசலில் புத்தகப் பை விழும் சத்தம் கேட்டது. இஃப்ரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். முடி கொஞ்சம் வளர்ந்து காதைத் தாண்டியிருந்தது. ஹெப்சியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரோடு நேராக நின்று, இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள்.

"என் பேர் இஃப்ரா. அஞ்சாவது படிக்கிறேன். நான் வேலை செய்யல. எங்கம்மா அடிக்க மாட்டாங்க. சூடு வெக்க மாட்டாங்க. எனக்கு அம்மை போட்டுச்சு. நான் எங்க வீட்லதான் இருக்கணும்."

ஒரு மூச்சில், எங்கும் நிறுத்தாமல், வாய்ப்பாடு மாதிரி சொன்னாள்.

"கேஸு சிலிண்டரு போட வந்த ஆளுகிட்டயும் இத்தத்தான் சொல்லிச்சு" என்றாள் நூர் பீவி. "கரண்டு பில்லு எடுக்க வந்தவருகிட்டயும். கழுத்துல எவன் கார்டு மாட்டிகினு வந்தாலும் இப்பிடித்தான் வந்து நிக்குது."

ஹெப்சி அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, குனிந்து அந்தக் குழந்தையின் உயரத்துக்கு வந்தாள்.

"நான் ஒண்ணுமே கேக்கலையேடா கண்ணு."

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா, சீக்கிரம் போய்டுவீங்கல்ல?" என்றாள் இஃப்ரா, கட்டிய கையை எடுக்காமலேயே.

ஹெப்சி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.